ஆதிப்புள்ளி

எட்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
சிடன்ஹாம் முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமுகின்றன.
சார்ஜ் விளக்கின் அடியில் நாற்பத்திரண்டு விடைத்தாள்கள்,
முதலாமாண்டு இயக்கவியல், ஏழாம் கேள்வி:

சூரியனைச் சுற்றிவரும் ஒரு வால்வெள்ளியின்
திசைவேகங்களை எல்லாம்
பாதையிலிருந்து பிடுங்கி எடு.
அந்த அம்புகளின் அடிகளை ஒரே புள்ளியில் குத்து.
நுனிகள் தொட்டுப்போகும் கோடு என்ன?

பாதிப் பேர் நீள்வட்டத்தையே வரைந்திருக்கிறார்கள்.
பாதையை மறக்க யாருக்கும் மனம் வருவதில்லை.
எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை,
எப்படிப் போகிறது என்றுதான் கேட்டேன்.
சிவப்பு மையில் இதையே பதினேழு முறை எழுதியாயிற்று.

விடை வட்டம்.
முட்டை மாதிரி கோணிக்கொண்டு போகிற ஒன்றின்
வேகம் மட்டும்
அப்பழுக்கில்லாத வட்டம்.
முதன்முதலாக இதை நானே போட்டுப்பார்த்த இரவில்
கணக்கில் தப்பு என்று நினைத்து
மூன்று தடவை அழித்தேன்.

தம்பி பூவேந்திரன் டிரக் ஓட்டுகிறான்.
டர்பன் துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றி ஜொகனஸ்பர்க்,
இறக்கிவிட்டு மறுபடி டர்பன்.
வெள்ளிக்கிழமைகளில் பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை விட்டு
ஓட்டமும் நடையுமாக வருவான்.
நின்றபடியே டீ.
சாவியைக் கையைவிட்டு இறக்கமாட்டான்.
"அக்கா, கப்பல் நிக்குது."
கறி டப்பா கைமாறும்.
ஒருநாள் கடிகாரம் பார்த்தேன்: பதினோரு நிமிஷம்.

அதே ஆள், வான் ரீனன் கணவாய் ஏறி,
ஹாரிஸ்மித் தாண்டி ஓரம் கட்டி,
கண்ணாடியில் உறைபனி படியும் ராத்திரியில்
நீள நீளமாகக் குரல்செய்தி அனுப்புவான்.
இருமல், ஹீட்டர் இரைச்சல், அப்பாவின் பழைய காரைப் பற்றி ஏதோ.
ஒன்றில் நான்கு நிமிஷம் பேச்சே இல்லை,
மூச்சு மட்டும்.
அதை நான் அழிக்கவில்லை.

கிட்டே வந்தால் பாய்ச்சல்,
எட்டப் போனால்தான் நிதானம்.
வால்வெள்ளிக்கு அதுதான் விதி என்று
வகுப்பில் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன்.

லுங்கிஸ்வாவின் தாள்.
காம்பஸ் வைத்து அழகாக வட்டம் போட்டிருக்கிறாள்,
ஆதிப்புள்ளியை மட்டும் நட்டநடுவில் வைத்துவிட்டாள்.
போன மாதப் பயிற்சி வகுப்பிலும் இதே தப்புதான்.
"நடுவில் இருந்தால் என்ன, மேடம்?"
நடுவில் இருந்தால் எல்லா அம்பும் ஒரே நீளம்,
வேகம் கூடாது, குறையாது,
தூரமும் மாறவே மாறாது என்றேன்.
"நல்லதுதானே?"
வகுப்பே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
அம்மா ஏதோ கப்பலில் சமையல் வேலை என்று
பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

மத்தியானம் தம்பியிடமிருந்து செய்தி,
இந்த முறை குரல் இல்லை, எழுத்து:
பெர்த். சுரங்க லாரி. இரண்டு வருஷ ஒப்பந்தம்.
கட்டைவிரல் படம் ஒன்று.

மின்சாரப் பில்லின் முதுகில் பென்சிலால் வட்டம் போட்டு
உள்ளே இருக்கும் புள்ளியைக்
கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்குத் தள்ளிப்பார்க்கிறேன்.
உள்ளே கிடக்கும்வரை என்றைக்காவது திரும்பும்.
விளிம்பில் பட்டுவிட்டால் பரவளையம்:
போய்க்கொண்டே இருக்கும்,
வேகம் சாகச் சாக,
சாகாமல்.
வெளியே விழுந்தால் வட்டமே முழுசாகக் கிடைக்காது,
ஒரு துண்டு வில்.

மூன்றுக்கும் வட்டம் ஒன்றுதான் என்பதை
இத்தனை வருஷம் கற்பித்தும்
இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்.
இரண்டு வருஷத்துக்குப் புள்ளியை எங்கே வைப்பது?

லுங்கிஸ்வாவுக்குப் பாதி மதிப்பெண்தான். கூட்டவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
புள்ளி நடுவிலிருந்து விலக வேண்டும்.
எவ்வளவு என்பது
எப்படித் தொடங்கியது என்பதைப் பொறுத்தது.

பத்தரைக்குக் கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உலுக்கிக்கொண்டது.
நாளை வெள்ளி.
கதவைத் திறந்து
பால் இருக்கிறதா என்று பார்த்தேன்.